போதை மீட்பு மையத்தில் பாலுறவு பற்றிய பேச்சை எப்படித் தொடங்குகிறீர்கள்?

வணக்கம். ஆண்களுக்கான போதை மீட்பு மையம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். சிகிச்சையில் இருப்பவர்களிடம் பாலுறவு பற்றிப் பேசிய அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

எங்கள் சேர்க்கைப் படிவத்தில் இதற்கென்று ஒரே கேள்விதான்: பால்வினை நோய் உண்டா, இல்லையா. டிக் போட்டதும் அடுத்த பக்கம். குழு அமர்வில் யாராவது பேச்சை எடுத்தால் ஒருவர் கேலி செய்வார், எல்லோரும் சிரிப்பார்கள், ஊழியரும் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார். அப்புறம் அந்த மனிதர் வாயே திறப்பதில்லை.

ஆனால் விஷயம் சின்னதல்ல. நீண்ட காலக் குடி விறைப்புத்தன்மையைப் பாதிக்கும். போதை சிகிச்சையில் தரும் மெத்தடோன் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) மருந்துகள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கக்கூடும். சில மனச்சோர்வு மருந்துகளாலும் ஆசை குறையும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஆள் தானாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார். கோகெய்ன் போன்ற ஊக்கப் போதைப்பொருள் எடுத்தவர்கள் சிலருக்கோ உடலுறவு நினைப்பே போதை ஏக்கத்தைக் கிளப்பிவிடும். சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானதை, ஆண் என்பதாலேயே மறைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆண்களை விரும்பும் ஆண்கள் எங்களிடம் மனம் திறப்பதே அபூர்வம்.

பாலுறவுச் சிக்கல்களைப் படிப்படியாகப் பேசி உதவுவதற்கு உளவியலாளர் ஜாக் ஆனன் 1970களில் முன்வைத்த பிலிசிட் (PLISSIT) முறையைப் படித்தேன். பேச அனுமதி தருவதுதான் அதில் முதல் படி. எங்கள் ஊழியர்கள் அங்கேயே தயங்குகிறார்கள் (மூத்தவர்கள்தான் அதிகம்!).

தனி அமர்வில் முதல் கேள்வியை எந்த வார்த்தைகளில் கேட்கிறீர்கள்? பெண் ஊழியர் கேட்டால் சரியாக வருகிறதா? எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் அனுப்புகிறீர்கள்? ஊழியர் பயிற்சிக்கான குறிப்புகள் தமிழில் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.