இடைக்கால இல்லத்துக்குக் கெடு வைக்கலாமா?

தூணோரம்:
எங்கள் சிறிய அறக்கட்டளையின் கைக்கு 22 அறைகள் கொண்ட பழைய விடுதி ஒன்று வந்திருக்கிறது. வன்முறையாலோ பேரிழப்பாலோ மனம் நொறுங்கி, வீடும் இழந்து தெருவில் இருக்கும் வயதுவந்தவர்களுக்கு அங்கே இடைக்கால இல்லம் நடத்த எண்ணம். வரைவு விதிகள் இவை. தங்க 18 மாதக் கெடு. வாரம் ஒருமுறை மனநல ஆலோசகருடன் கட்டாய அமர்வு. மது, போதைப்பொருள் தொட்டால் அன்றே வெளியேற்றம். இரவு பத்து மணிக்கு வாசல் பூட்டப்படும். அறைகளை ஊழியர்கள் முன்னறிவிப்பின்றிச் சோதிக்கலாம். அடுத்த வாரம் குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறோம். குறை சொல்லுங்கள், பாராட்டு வேண்டாம்.

கணக்கன்:
பாராட்டும் எண்ணம் எனக்கும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பது விடுதி விதியா, சிறை விதியா? கட்டடத்தைச் சிறு சிறு குடியிருப்புகளாகப் பிரித்து, வாடகை ஒப்பந்தத்தோடு கொடுத்துவிடுங்கள். 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத்தான் தொடங்கினார்: முதலில் வீடு, சிகிச்சை அவரவர் விரும்பும்போது. குடியை விட்டால்தான் சாவி என்ற நிபந்தனை கிடையாது. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். கடைசி ஆறு மாதங்களில் இப்படி வீடு பெற்றவர்களில் 62 விழுக்காட்டினர் முழுக் காலமும் வீட்டில் இருந்தார்கள். வழக்கமான உதவி பெற்றவர்களில் 31 விழுக்காடு. இரண்டு மடங்கு. இடைக்கால இல்லம் என்பது பெரியதொரு காத்திருப்பு அறை, அவ்வளவுதான்.

நேர்கோடு:
கனடாவிடம் பணம் இருந்தது. தூணோரத்திடம் இருப்பது 22 அறைகள். கணக்கை நானும் போடுகிறேன். ஆளுக்கு 18 மாதம் என்றால் பத்து ஆண்டில் ஏறக்குறைய 146 பேர் அந்த அறைகளில் தங்கிப் போவார்கள். கெடு இல்லாமல் சராசரியாக நான்கு ஆண்டு ஒருவர் இருந்தால் 55 பேர். மீதி 91 பேரின் முகத்தைப் பார்த்து "உள்ளே இருப்பவர் இன்னும் ஆறவில்லை" என்று யார் சொல்வது? கெடுவை இரக்கமற்றது என்று சொல்வது எளிது. வாசலுக்கு வெளியே நிற்பவரின் பக்கமிருந்து பார்த்தால் கெடுதான் இரக்கம். கட்டுப்பாடும் தேவைதான். தூங்கி எழும் நேரமே குலைந்துபோன ஒருவருக்கு ஒழுங்குதான் முதல் மருந்து.

இரவுக்காவல்:
பதினோரு ஆண்டுகளாக இப்படி ஓர் இல்லத்தில் இரவுப் பணியில் இருக்கிறேன். ஒழுங்கு முதல் மருந்து என்று நேர்கோடு சொல்வதைப் படித்துச் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும். புதிதாக வருபவர்களில் பாதிப்பேர் முதல் சில வாரங்கள் கட்டிலில் படுப்பதே இல்லை. சுவரில் முதுகை ஒட்டி, கதவைப் பார்த்தபடி, தரையில். செருப்போ ஷூவோ காலிலேயே இருக்கும். பையின் வார் மணிக்கட்டில் சுற்றியிருக்கும். தெருவில் உயிர் பிழைக்கக் கற்ற பாடம் அது. இரவில் விழித்திருந்து பகலில் தூங்குவதும் அதே பாடம்தான். அதைச் சோம்பல் என்று எண்ணி ஆறு மணிக்கு மணி அடித்து எழுப்பினால் ஒழுங்கு வராது, கைகலப்பு வரும்.

ஆனால் கணக்கன் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. எங்களிடமிருந்து இரண்டே மாதத்தில் தனி வீட்டுக்குப் போன ஒருவர் நாள் தவறாமல் இரவு எங்கள் வாசற்படிக்கு வந்து உட்காருவார். வீடு நன்றாகத்தான் இருந்தது, சாவியும் சட்டைப் பையில்தான் இருந்தது. "நாலு சுவரும் பேச ஆரம்பித்துவிடுகின்றன" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது நடுஇரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் இன்னொரு மனிதர். தனி வீட்டில் அதை எப்படிக் கொடுப்பீர்கள்?

கணக்கன்:
'முதலில் வீடு' என்றால் சாவியைக் கொடுத்துக் கைகழுவுவது என்று யார் சொன்னது? கனடாத் திட்டத்தில், தேவை மிக அதிகமானவர்களுக்கான பிரிவில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஓர் ஊழியர் என்ற அளவில் குழு இருக்கும்: மனநல மருத்துவர், செவிலியர், அதே பாதையைக் கடந்து வந்த சக மனிதர் என்று. வாசற்படி மனிதருக்குத் தேவைப்பட்டது அந்தக் குழு. அது இல்லாமல் சாவி மட்டும் கொடுத்தது உங்கள் இல்லத்தின் தவறு, கொள்கையின் தவறு அல்ல.

நேர்கோட்டின் 146-க்கு வருகிறேன். அது வெளியே அனுப்பியவர்களின் எண்ணிக்கை, வெளியே நிலைத்தவர்களின் எண்ணிக்கை அல்ல. கெடு முடிந்து தெருவுக்கே திரும்பியவர் மறுபடி உங்கள் வரிசையின் கடைசியில்தான் வந்து நிற்பார். அவரை இரண்டாம் முறையும் எண்ணினால் 146 என்ன, 200-கூடக் காட்டலாம். அமெரிக்காவில் 2,282 குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நீண்டகால வாடகை உதவி, குறுகிய கால உதவி, இடைக்கால இல்லம் மூன்றையும் ஒப்பிட்டார்கள். மாதச் செலவு அதிகமானது இடைக்கால இல்லம். வழக்கமான உதவியைவிடப் பெரிய பலனும் அதில் தெரியவில்லை.

நேர்கோடு:
குடும்பங்கள்! நாம் பேசுவது தனியாள்களைப் பற்றி, அதுவும் மனக்காயம் பட்டவர்களைப் பற்றி. ஒன்றை மற்றொன்றின் தலையில் கட்டாதீர்கள். உங்கள் கனடா ஆய்வையும் முழுவதுமாகச் சொல்லுங்கள். வீட்டில் நிலைத்திருப்பதில்தான் பெரிய வேறுபாடு. மனநல அறிகுறிகளிலும் போதைப் பழக்கத்திலும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் முன்னேறினார்கள். அதாவது வீடு, வீட்டைத்தான் தந்தது. காயத்தை ஆற்ற வேறு ஏதோ வேண்டும் என்றுதானே ஆகிறது?

கணக்கன்:
அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த "வேறு ஏதோ"வுக்காக வீட்டைப் பிணையாக வைக்காதீர்கள் என்கிறேன்.

அறை ஏழு:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் 14 மாதம் இப்படியோர் இல்லத்தில், ஏழாம் எண் அறையில் இருந்தவள். எந்த இல்லம் என்பது வேண்டாம்.

தூணோரம் ஐயா, உங்கள் விதிகளில் எனக்கு மூச்சு முட்டியது கெடுவில் அல்ல, அறைச் சோதனையில். எங்கள் இல்லத்தில் கதவைத் தட்டுவதும் திறப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். எனக்கு நடந்தது என்ன என்று இங்கே சொல்லப் போவதில்லை. அது ஒரு கதவு திறந்ததில் தொடங்கியது என்பது மட்டும் போதும். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் தூக்கம் போய்விடும். "உங்கள் பாதுகாப்புக்காகத்தான்" என்பார்கள். மூன்றாம் மாதம் புதிய மேலாளர் வந்தார், எல்லா அறைக்கும் உள்தாழ்ப்பாள் போட்டார். அன்று இரவுதான் முதல்முறையாகக் கதவுக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன். ஆலோசகரிடம் நான் வாயைத் திறந்ததும் அதற்குப் பிறகுதான். அதுவரை அந்தக் கட்டாய அமர்வுகளில் நாங்கள் பேசியது வெயிலையும் மழையையும் பற்றி.

கெடு பற்றியும் ஒன்று. பதினோராம் மாதம் "இன்னும் 90 நாள்" என்று கடிதம் வந்தது. அன்றிலிருந்து மறுபடி ஷூவோடு தூங்கினேன். சேர்த்து வைத்த பத்து மாதம் ஒரு தாளில் போயிற்று. ஆனாலும் கணக்கன் சொல்வதுபோல் முதல் நாளே தனி வீடு கொடுத்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அடுத்த அறையில் யாரோ இருமும் சத்தம் எனக்கு அப்போது தேவைப்பட்டது.

தூணோரம்:
அம்மா, எழுதியதற்கு நன்றி. சோதனை விதியை எழுதியவன் நான்தான். போதைப்பொருள் பயத்தில் எழுதினேன். கதவின் மறுபக்கத்திலிருந்து அதை யோசிக்கவில்லை.

இரவுக்காவல்:
தாழ்ப்பாள் போடுங்கள், ஆனால் வெளியிலிருந்து திறக்க முடியாத இரும்புத் தாழ்ப்பாள் வேண்டாம். தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்களும் இருப்பார்கள். உள்ளிருந்து பூட்டலாம், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வெளியிலிருந்து சாவியால் திறக்கலாம் என்ற வகைப் பூட்டு வாங்குங்கள். அந்தச் சாவியை எடுக்க இரண்டு ஊழியர்கள் வேண்டும், எடுத்த நேரமும் காரணமும் பதிவேட்டில் ஏற வேண்டும், அந்தப் பக்கத்தை அறையில் இருப்பவர் படிக்கலாம். மற்ற நாள்களில் கதவைத் தட்டி, பெயரைச் சொல்லி, பதில் வரும்வரை நில்லுங்கள்.

கட்டாய அமர்வையும் எடுத்துவிடுங்கள். ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் மீட்சியை மூன்று கட்டமாகப் பிரித்தார்: முதலில் பாதுகாப்பு, பிறகுதான் நினைவுகூர்தலும் துக்கமும், கடைசியில் மனிதர்களோடு மறுபடி இணைதல். நாம் இரண்டாம் கட்டத்திலிருந்து தொடங்கிவிட்டு ஆள் ஒத்துழைக்கவில்லை என்கிறோம். இன்னொன்று, சேரும் நாளிலேயே ஆறு பேர் முன்னால் ஆறு முறை கதையைச் சொல்ல வைக்காதீர்கள். ஒருமுறை, ஒருவரிடம், அதுவும் இடம் ஒதுக்கத் தேவையான அளவு மட்டும்.

நேர்கோடு:
அறை ஏழு சொன்னதைப் படித்த பிறகு சோதனை விதிக்காக வாதாட எனக்கு மனமில்லை. ஆனால் போதை விதியில் இறங்கி வர மாட்டேன். குடியை விட்டு நாற்பது நாளான ஒருவரின் பக்கத்து அறையில் பாட்டில் திறக்கும் சத்தம் கேட்டால் அவர் என்ன ஆவார்? 1975-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு இல்லங்களைப் பாருங்கள், குடியையும் போதையையும் விட்டவர்கள் சேர்ந்து வாழும் வீடுகள் அவை. மேலாளரே கிடையாது. வசிப்பவர்களே வாடகை கட்டி, வாக்களித்து நடத்துகிறார்கள். அவர்களே வைத்துக்கொண்ட விதி: குடித்தால் வெளியே. பட்டவர்களே வைத்த விதியை நாம் கொடுமை என்று சொல்ல முடியுமா?

கணக்கன்:
நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அங்கே விதியை மீறாமல், பங்கு வாடகையைக் கட்டினால் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் இருக்கலாம். கெடு கிடையாது! அது தெரிந்து, தானாக விரும்பிச் சேர்பவர்களின் வீடு அது. தெருவிலிருந்து வருபவருக்கு வேறு போக்கிடம் இல்லாதபோது அவர் போடும் கையெழுத்து விருப்பம் ஆகாது.

"அன்றே வெளியேற்றம்" என்பதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது. ஹெராயின் போன்றவற்றைச் சில வாரம் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. சறுக்கி மறுபடி எடுக்கும் நேரம்தான் சாவுக்கு மிக அருகில் இருக்கும் நேரம். அந்த இரவில் அவரைத் தனியாகத் தெருவில் விடுவதைத்தான் உங்கள் விதி சொல்கிறது.

இரவுக்காவல்:
நாங்கள் செய்வது இது. பொது இடத்தில் குடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது. இந்த மூன்றில் கண்டிப்பு. சறுக்கியவர் அன்றிரவு வாசலுக்கு அருகில் உள்ள அறையில், என் கண்முன் படுப்பார். மறுநாள் பேசுவோம். விட்டவர்களுக்கு மாடி, விடாதவர்களுக்குக் கீழ்த்தளம். சரியான ஏற்பாடா என்றால், சண்டை குறைந்திருக்கிறது.

தூணோரம்:
குழுவுக்குப் போகும் திருத்தம்: அறிவிப்பில்லாச் சோதனை நீக்கம், இரவுக்காவல் சொன்ன பூட்டும் பதிவேடும். அமர்வு விருப்பம் சார்ந்தது. ஆலோசகர் வாரம் இரு நாள் பொதுக்கூடத்தில் இருப்பார், பேசுபவர் பேசட்டும். வாசலில் இரவு முழுவதும் ஓர் ஆள் இருந்து கதவைத் திறந்துவிடுவார். சறுக்கியவருக்கு வாசலருகே அறை. கெடுவைப் பொறுத்தவரை, 18 மாதம் என்பதை "18-ஆம் மாதம் மறுபரிசீலனை, போக வேறு வீடு உறுதியாகும்வரை வெளியேற்றம் இல்லை" என்று மாற்றிப் பார்க்கிறேன். இதில்தான் எங்கள் பொருளாளரோடு எனக்குச் சண்டை வரப் போகிறது.

கணக்கன்:
அப்படியானால் "வேறு வீடு" தேடும் வேலையை முதல் மாதமே தொடங்க ஓர் ஆளைப் போடுங்கள். பதினேழாம் மாதம் தேட ஆரம்பித்தால் உங்கள் திருத்தம் வெறும் தாள். பின்லாந்தில் 2008-இல் 'முதலில் வீடு' முறையைத் தொடங்கியபோது பழைய தங்கும் விடுதிகளையே ஒப்பந்தத்தோடு கூடிய வீடுகளாக மாற்றினார்கள். 22-இல் ஆறு அறைகளையாவது அப்படி நிரந்தரமாக மாற்ற முடியுமா, கேளுங்கள்.

நேர்கோடு:
கேளுங்கள், ஆனால் காத்திருப்போர் பட்டியலையும் பெயரோடு பொருளாளர் மேசையில் வையுங்கள். ஆறு அறை நிரந்தரம் என்றால் வரிசையில் எந்த ஆறு பேர் இன்னும் எத்தனை நாள் நிற்பார்கள் என்பதும் அதே கூட்டத்தில் பேசப்படட்டும்.

அறை ஏழு:
பட்டியலில் நானும் ஐந்து மாதம் இருந்தேன். வையுங்கள். அந்த 90 நாள் கடிதத்தின் வாசகத்தையும் இப்போதே எழுதி என்னிடம் காட்டுங்கள், நான் திருத்தித் தருகிறேன்.