ஹேகெபைன்டம் மண்மேட்டின் ஓரம் வெட்டுப்பட்டதுபோல் இருப்பது ஏன்?

கேள்வி – கரைநிலம்

வணக்கம். நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில், லேவார்டன் நகருக்கு வடக்கே, ஹேகெபைன்டம் என்றொரு சிற்றூர் உள்ளது. நூறு பேர்கூட வசிக்காத அவ்வூர், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 8.8 மீட்டர் உயரமுள்ள செயற்கை மேட்டின்மீது அமைந்திருப்பதாகவும், அந்நாட்டின் இத்தகைய மேடுகளில் அதுவே மிக உயரமானது என்றும் படித்தேன். ஆனால் படங்களில், தேவாலயத்தை ஒட்டியே மேடு திடீரெனச் சரிந்து இறங்குகிறது. இது கடல் அரித்ததன் விளைவா?

பதில் – வண்டல்

கடல் அரித்ததன்று, மனிதர்கள் வெட்டி விற்றதன் விளைவு. அதைப் புரிந்துகொள்ள, மேடு எதனால் ஆனது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கடலணைகள் எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கிறிஸ்துவுக்கு முன் சுமார் 600 முதல், அப்பகுதி மக்கள் உவர்ச் சதுப்பின் சற்றே உயர்ந்த திட்டுகளில் குடியேறி, புல்கட்டிகளையும் களிமண்ணையும் சாணத்தையும் அடுக்கி வீட்டுக்கு ஒரு மேடையாக எழுப்பினர். அவை காலப்போக்கில் ஒன்றோடொன்று இணைந்து, டெர்ப் எனப்படும் ஊர்மேடாக வளர்ந்தன. கடல் வெள்ளமே வண்டலைக் கொண்டுவந்து சேர்த்ததால், விளைநிலத்துக்குச் சாணம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அது வீட்டின் அடியிலேயே குவிந்தது. இப்பகுதி மக்களான ஃபிரீசியருக்குக் கிழக்கே இதேபோன்ற மேடுகளில் வாழ்ந்த சௌசியர் என்ற இனத்தவரைப் பற்றி எழுதிய ரோமானியரான பிளினி, அலை ஏறும்போது அவர்கள் கப்பலில் செல்வோர் போலவும், வடியும்போது கப்பல் உடைந்தோர் போலவும் இருந்ததாகக் கூறி இரங்குகிறார். அந்த இரக்கத்தில் ரோமானிய இறுமாப்பும் கலந்திருக்கிறது என்பது என் கருத்து, ஏனெனில் அச்சதுப்பு நல்ல மேய்ச்சல் நிலம்.

சுமார் 11ஆம் நூற்றாண்டு முதல் அணைகள் எழுந்தபின், மேட்டின் பாதுகாப்பு படிப்படியாகத் தேவையற்றுப் போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பாஸ்பேட்டும் சுண்ணாம்பும் செறிந்த அந்த மண்ணுக்கு உரமாகச் சந்தை உருவானது. பல மேடுகளை வெட்டிப் படகுகளில் ஏற்றி, மணற்பாங்கான வளமற்ற நிலங்களுக்கு அனுப்பினர். ஏரி வண்டலை வயலுக்கு அடிப்பதைப் போன்ற வழக்கம்தான். ஆனால் ஏரி மீண்டும் வண்டலைச் சேர்க்கும், மேடு மீண்டும் வளராது. ஹேகெபைன்டத்தில் தேவாலயமும் இடுகாடும் வீடுகளும் நின்ற பகுதியை விட்டுவிட்டு எஞ்சியதை வெட்டினர். நீங்கள் கண்ட செங்குத்து அந்த வெட்டின் விளிம்பே.

பதில் – பழஞ்சுவடு

மேலே உள்ள விளக்கத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2,600 ஆண்டுகளாக ஒரே மக்கள் இடையறாது வாழ்ந்த இடம் என்று இத்தகைய ஊர்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதுண்டு. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் ஃபிரீஸ்லாந்தின் மேடுகளில் மிகப் பல வெறிச்சோடின. 5ஆம் நூற்றாண்டில் புதியவர்கள் வந்து குடியேறினர். ஃபிரீசியர் என்ற பெயர் நீடித்தது என்பதற்காக, மக்களும் அவர்களேதான் என்று கொள்ள முடியாது.

கரைநிலம்

விளக்கங்களுக்கு நன்றி. அப்படியானால், வெட்டியபோது கிடைத்த பொருள்கள் யாவும் உரத்தோடு போய்விட்டனவா?

பதில் – வண்டல்

எல்லாம் போகவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு மண் வெட்டியபோது முற்கால இடைக்காலத்தைச் சேர்ந்த பெரிய இடுகாடு ஒன்று வெளிப்பட்டது. ஃபிரீசிய அருங்காட்சியகத்தின் காப்பாளர் பூலெஸ் அதைப் பதிவுசெய்தார். ஆயினும் கூலிக்கு மண் வெட்டுபவரின் வேகத்துக்கு ஈடுகொடுத்து நடக்கும் பதிவு எவ்வளவு முழுமையாக இருந்திருக்க முடியும்? முறையான அகழாய்வுக்கு, பக்கத்து மாகாணமான குரோனிங்கனின் எசிங்கெ ஊரில் தொல்லியலாளர் வான் கிஃபென் 1923 முதல் 1934 வரை நடத்திய பணியைப் பாருங்கள். அங்கே ஒன்றன்மீது ஒன்றாக எழுந்த வீடுகளின் மரத்தூண்களும் பின்னிய தட்டிச் சுவர்களும் ஈர மண்ணில் கெடாமல் கிடைத்தன. ஹேகெபைன்டத்தின் வெட்டுண்ட பகுதியில் இனி அப்படித் தேட வழியில்லை. தேவாலயத்தின் அடியில் எஞ்சிய மண்ணில் மட்டும் உண்டு.