எலும்பு மாத்திரை போட்டால் நெஞ்சு எரிகிறது, ரத்தத்தில் பாஸ்பேட்டும் குறைவு: என்ன செய்யலாம்?

சிப்புட்_வாசி:
வணக்கம். அம்மாவுக்கு வயது 66, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மணிக்கட்டு முறிந்த பிறகு ஈப்போவில் எலும்பு ஸ்கேன் எடுத்ததில் முதுகெலும்பு டி-ஸ்கோர் (எலும்பு அடர்த்தி எண்) மைனஸ் 3.1. எலும்புக்கான அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் வாரம் ஒன்று, கால்சியம் லாக்டேட் 300 மில்லிகிராம் காலையில் இரண்டு, இரவில் இரண்டு கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தே தாரிக்கோடு (பால் டீ) போட்டுவிட்டுப் படுத்துவிடுவார், பிறகு நெஞ்செரிச்சல். இடுப்பு, தொடை வலி வேறு. குந்தினால் கை ஊன்றாமல் எழ முடிவதில்லை. ரத்தத்தில் கால்சியம் 2.08, பாஸ்பேட் 0.72, அல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்பிலும் இருக்கும் நொதி) 212, வைட்டமின் டி 22, சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின் 78. வேறு மாத்திரை கேட்கலாமா? பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) வாங்கும் மூட்டுவலி மாத்திரையும் அவ்வப்போது போடுகிறார்.

மருந்துக்கவுண்டர்:
மாத்திரையைக் குறை சொல்லும் முன் போடும் முறையைப் பாருங்கள். அலெண்ட்ரோனேட் வெறும் வயிற்றில் போட்டாலே 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் உடம்பில் சேரும். பாலும் கால்சியமும் கூடவே போனால் அதுவும் கிடைக்காது. எழுந்ததும் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரில் முழுதாக விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது. அரை மணி நேரத்துக்குப் படுக்கவும் கூடாது, வேறு எதையும் சாப்பிடவும் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும், எரிச்சல் அதனால்தான் இருக்கலாம். விழுங்கும்போது வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

எலும்பு_ஓபிடி:
முறையைத் திருத்துவது சரி. ஆனால் இந்த ரிசல்ட்டைப் பார்த்தால் அடுத்த ஞாயிறு மாத்திரையையே தள்ளி வைத்து டாக்டரைக் கேட்கச் சொல்வேன். டி 22 என்பது நானோமோல் கணக்கு என்று எடுத்துக்கொள்கிறேன். 30-க்குக் கீழே போனாலே பற்றாக்குறை. கால்சியமும் பாஸ்பேட்டும் இறங்கி, பாஸ்பட்டேஸ் ஏறி, தொடைத் தசையும் தளர்ந்திருக்கிறது. இது ஆஸ்டியோமலேசியாவின் அச்சு அசல் படம்: எலும்பின் சட்டம் இருக்கிறது, அதில் சுண்ணாம்புச் சத்து ஏறவில்லை. ஸ்கேன் சுண்ணாம்பை மட்டுமே அளப்பதால் இதிலும் டி-ஸ்கோர் மைனஸில்தான் வரும். அந்த ஒரு எண்ணை வைத்து ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு அடர்த்தி குறையும் நோய்) என்று முடிவு கட்ட முடியாது. அது மட்டும் என்றால் இந்த ரத்த எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

கால்சியம் குறைவாக இருக்கும்போது அலெண்ட்ரோனேட் கொடுத்தால் அது இன்னும் இறங்கும். உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, விரல் இழுப்பது அதற்கு அறிகுறி. முதலில் டியை நிரப்ப வேண்டும். வழக்கமாக டி3 வாரம் 50,000 யூனிட் என்று 8 வாரம், பிறகு தினம் 800 முதல் 2,000. மூன்று மாதத்தில் மறுபரிசோதனை. எலும்பு ஆறத் தொடங்கும்போது பாஸ்பட்டேஸ் முதலில் கொஞ்சம் ஏறலாம், பயப்பட வேண்டாம். ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோனையும் பார்க்கச் சொல்லுங்கள். டி நிரம்பிய பிறகும் பாஸ்பேட் ஏறாவிட்டால் சிறுநீரில் வீணாகிறதா என்று தேட வேண்டும்.

வெயில் நாட்டில் டி எப்படிக் குறையும் என்று கேட்பார்கள். விடியும் முன்னே மரத்தடிக்குப் போய், முழுக்கை சட்டையும் தலைத்துண்டுமாக நிழலில் வெட்டுகிறவர் மேல் வெயில் எங்கே பட்டது?

சிப்புட்_வாசி:
நன்றி அண்ணே. கால்சியம் நாலு மாத்திரை போதும்தானே?

மருந்துக்கவுண்டர்:
போதாது. லாக்டேட்டில் 13 சதவீதம்தான் கால்சியம். 300-இல் 39 மில்லிகிராம், நாலு மாத்திரைக்கு 156. இந்த வயதில் சாப்பாட்டையும் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 வேண்டும். கார்பனேட் என்றால் 40 சதவீதம்: 1,250 மில்லிகிராம் மாத்திரையில் 500 கிடைக்கும். அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும், ஒரே வேளையில் 500-க்கு மேல் வேண்டாம். தைராய்டு மாத்திரை இருந்தால் 4 மணி நேர இடைவெளி. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் போடுகிறவர்களுக்குக் கார்பனேட் சரியாகச் சேராது. முள்ளோடு சாப்பிடும் ஈக்கான் பிலிஸ் (நெத்திலி), தாவ்ஃபூ (சோயா கட்டி), கேழ்வரகுக் கூழ் எல்லாம் கணக்கில் வரும். பசலைக்கீரையை நம்ப வேண்டாம், அதன் ஆக்சலேட் கால்சியத்தை விடாது.

தாமான்_நர்ஸ்:
அந்த பாசார் மாலாம் மாத்திரையை யாரும் தொடவில்லையே! ஒரே நாளில் வலி பறந்துவிடுகிறது என்றால் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இப்படிக் கலந்த பொருள்கள் இங்கே மலேசியாவில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. ஸ்டீராய்டு எலும்பையும் கரைக்கும், தொடைத் தசையையும் தளர்த்தும். டப்பாவில் எம்.ஏ.எல் என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா பாருங்கள். ரொம்ப நாளாக அடிக்கடி போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடுவார்கள். டப்பாவோடு கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார நிலையம்) போய் டாக்டர் மேசையில் வையுங்கள்.

எலும்பு_ஓபிடி:
நல்ல வேளை சொன்னீர்கள் சிஸ்டர். இன்னொன்று: மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, அதாவது டெனோசுமாப் 60 மில்லிகிராம், போடலாம் என்று யாராவது சொன்னால் இப்போதைக்கு வேண்டாம். டி இவ்வளவு குறைவாக இருக்கும்போது அது கால்சியத்தை ஒரேயடியாக இறக்கிவிடும். பின்னால் போட்டாலும் தவணை தவறக் கூடாது. விட்டால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்க வாய்ப்புண்டு. வருஷம் ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராமுக்கும் டி நிரம்பியிருக்க வேண்டும், கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 35-க்குக் கீழே இருக்கக் கூடாது. சொத்தைப் பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதையெல்லாம் இந்த எலும்பு மருந்துகளுக்கு முன்பு, இப்போதே முடித்துவிடுங்கள்.