எக்சிட் கோடு: பிழை எண்ணிக்கையையே திருப்பி அனுப்பலாமா?

பாலாற்றங்கரை, ஆம்பூர்:
ஆம்பூர் ஷூ யூனிட்டின் ஸ்டாக் ஃபைல்களை இரவு 11 மணிக்கு ராணிப்பேட்டை சர்வருக்கு அனுப்பும் பைத்தான் புரோகிராம், கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி) ஓடுகிறது. எல்லாம் போய்ச் சேரலாம், அன்று அனுப்ப எதுவும் இல்லாமல் இருக்கலாம், நெட் இல்லாமல் நின்றுவிடலாம். இப்போது எல்லாவற்றுக்கும் எக்சிட் கோடு (புரோகிராம் முடியும்போது திருப்பித் தரும் எண், 0 என்றால் வெற்றி) 0 தான் வருகிறது. பிழையான வரிகளின் எண்ணிக்கையையே எக்சிட் கோடாகக் கொடுக்கலாமா?

கோட்டை அகழி, வேலூர்:
வேண்டவே வேண்டாம் சார். லினக்ஸில் புரோகிராமை அழைத்த ஷெல்லுக்கு (கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) கிடைப்பது அந்த எண்ணின் கடைசி 8 பிட் மட்டும்தான், அதாவது 0 முதல் 255 வரை. 300 பிழை இருந்தால் 44 என்று காட்டும். சரியாக 256 பிழை வந்தால் 0, அதாவது வெற்றி! எண்ணிக்கையை ஸ்டாண்டர்ட் எர்ரரில் (பிழைச் செய்திக்கான தனி அவுட்புட்) எழுதுங்க.

அனுப்ப எதுவும் இல்லாத நாளுக்கு 0 தான் சரி. ஃபைலில் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளை, எதுவும் கிடைக்காவிட்டால் 1 தருகிறதே என்று தோன்றும். அதன் வேலையே தேடுவது, இருக்கா இல்லையா என்பதுதான் அதற்குப் பதில். உண்மையான பிழைக்கு 2 என்று தனியாக வைத்திருக்கு. உங்க புரோகிராமின் வேலை இருப்பதை அனுப்புவது. லீவு நாளிலெல்லாம் அலாரம் அடித்தால் நிஜமான தோல்வியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

குடியாத்தம் தறி:
தோல்வியை இரண்டாகப் பிரிச்சா போதும்: மறுபடி ஓட்டினால் சரியாகக்கூடியது, ஆள் கை வைத்தால்தான் சரியாவது. பிஎஸ்டி (ஒரு யூனிக்ஸ் வகை) காலத்திலிருந்து 64 முதல் 78 வரையான கோடுகளுக்கு ஒரு வழக்கம் இருக்கு. நெட் போனால் 75, ஃபைலில் தரவு கெட்டிருந்தால் 65, செட்டிங்ஸ் தப்பாக இருந்தால் 78. ராப்பர் ஸ்கிரிப்ட் (உங்க புரோகிராமை அழைத்து ஓட்டும் சின்ன ஸ்கிரிப்ட்) 75 வந்தால் மட்டும் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஓட்டட்டும்.

1, 2 இரண்டுக்கும் நீங்களாக அர்த்தம் வைக்காதீங்க. பிடிக்கப்படாத எக்செப்ஷனுக்கு பைத்தானே 1 தரும், ஆர்குமென்ட்டைப் படிக்கும் பைத்தான் மாட்யூல் ஆர்க்பார்ஸ், தப்பான ஆர்குமென்ட்டுக்கு 2 தரும். 126, 127 ஷெல்லுக்கு உரியவை: ஓட்ட முடியவில்லை, கட்டளையே இல்லை. 128க்கு மேல் வந்தால் பெரும்பாலும் சிக்னல் (ஓடும் புரோகிராமுக்கு வெளியிலிருந்து வரும் அறிவிப்பு) வந்து நின்றிருக்கு, 128 உடன் அதன் எண்ணைக் கூட்டிக் காட்டும். 137 என்றால் 128 கூட்டல் 9, யாரோ வலுக்கட்டாயமாகக் கொன்றிருக்காங்க. மெமரி தீர்ந்து கெர்னலே கொன்றிருக்கவும் வாய்ப்பு உண்டு.

கோட்டை அகழி, வேலூர்:
இன்னொன்று முக்கியம். லாகுக்காகப் பைப் போட்டு 'டீ'க்கு (அவுட்புட்டைத் திரையிலும் ஃபைலிலும் எழுதும் கட்டளை) அனுப்பினால் கிடைப்பது டீயின் கோடுதான், உங்க புரோகிராம் செத்தாலும் 0 தான் வரும். பேஷ் ஷெல்லில் பைப்ஃபெயில் ஆப்ஷனைப் போடுங்க, பைப்பில் எது தோற்றாலும் அந்தத் தோல்வி தெரியும். டெபியன், உபுண்டுவில் கிரான் வழக்கமாக டாஷ் என்ற வேறு ஷெல்லில் ஓட்டும், அதனால் ராப்பரின் முதல் வரியில் பேஷைக் குறிப்பிடணும். $? (கடைசிக் கட்டளையின் எக்சிட் கோடு) மதிப்பை உடனே ஒரு வேரியபிளில் வாங்கி வைங்க. நடுவில் ஒரு எக்கோ வந்தாலே மாறிடும். கிரான் கோடைப் பார்த்து மெயில் அனுப்பாது, அவுட்புட் இருந்தால்தான் அனுப்பும். அதனால் தோல்வி வந்தால் ராப்பர் ஒரு வரியாவது அச்சிடணும்.

பாலாற்றங்கரை, ஆம்பூர்:
பத்து ஃபைலில் ஏழு போய் மூன்று நின்றால்?

குடியாத்தம் தறி:
அதுவும் தோல்விதான், 0 கூடாது. ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை இதற்கென்றே 23 வைத்திருக்கு. உங்களுக்கு 75 போதும். ஆனால் மறுபடி ஓடும்போது போன ஏழும் இரட்டிப்பாகப் பதிவாகக் கூடாது. சர்வரில் ஃபைல் பெயரை யுனிக்காக வைத்துவிட்டு, அப்புறம் மறுமுயற்சியைத் தொடங்குங்க.