சாவிக்கொத்தில் கத்தி: பிரிட்டன் சட்டம் நியாயமா?

லெஸ்டர்_குமரன்:
மூன்று பவுண்டுக்கு இணையத்தில் ஒரு சாமான் வாங்கினேன். பார்த்தால் வீட்டுச் சாவி. பல் இருக்கும் பக்கத்தை நகத்தால் நெம்பினால் இரண்டு அங்குலம்கூட இல்லாத கத்தி வெளியே வரும். பார்சல் பிரிக்கத்தான் வாங்கினேன். நேற்று வேலையிடத்தில் ஒருவர் பார்த்துவிட்டு, இதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்றார். தேடினால், உண்மைதான்! 3 அங்குலத்துக்கு மேல் போகாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக்கத்தியை இங்கே காரணம் சொல்லாமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். அதைவிடச் சின்னதான இது மேசை டிராயரில் கிடந்தாலும் குற்றம். என் சமையலறையில் எட்டு அங்குலக் கத்தியே இரண்டு இருக்கிறது. இதில் என்ன நியாயம்?

வேம்படி:
தம்பி, சமையலறைக் கத்தியைப் பார்த்தால் கத்தி என்று குழந்தைக்கும் தெரியும். பார்சல் பிரிக்கிற கத்திக்குச் சாவி வேஷம் எதற்கு? எதிரே நிற்பவருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். வேறு வேலை அந்த வேஷத்துக்கு இல்லை. 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 141ஆம் பிரிவின் கீழ் உள்ள தடைப் பட்டியலில் 2002இல் இதைச் சேர்த்தார்கள். சீப்பு, பிரஷ், பேனா, லைட்டர், சாவி, லிப்ஸ்டிக், தொலைபேசி என்று உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். சாவி என்று பெயர் சொல்லியே இருக்கிறது, பாருங்கள்.

லெஸ்டர்_குமரன்:
அண்ணா, 2002இல் தடுத்தது விற்பனையையும் இறக்குமதியையும். வீட்டில் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது 2019ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பகுதி 2021 ஜூலை 14 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒப்படைக்கச் சுமார் மூன்று மாதம் கொடுத்தார்கள். அந்தச் செய்தி கண்ணில் படாதவர்கள் எத்தனை பேர்? என்றோ யாரோ பரிசாகக் கொடுத்த, பேனா வேஷம் போட்ட கத்தி அலமாரியில் கிடக்கும், அவர்களும் குற்றவாளிகளா? தெருவில் கொண்டு போகக் கூடாது என்றால் முழு மனதோடு ஏற்கிறேன். வீட்டுக்குள் வந்து கைவைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

மலர்விழி:
குமரன், நான் தாயாகச் சொல்கிறேன். என் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. பென்சில் பாக்ஸைத் துடைக்க எடுத்தபோது ஒரு கறுப்புப் பேனா கொஞ்சம் கனமாக இருந்தது. மூடியைக் கழற்றினேன். நிப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஊசி முனையோடு ஒரு கத்தி. கிளிப்பெல்லாம் அசல் பேனா மாதிரியே. வகுப்புத் தோழன் அதைத் தன் அண்ணன் அறையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தானாம். அந்த அண்ணனும் உங்களைப் போல வீட்டில் சும்மாதான் வைத்திருந்தான். அன்றிரவு நான் தூங்கவில்லை. சோதனையில் அகப்பட்டிருந்தால் அது யாருடையது என்றா கேட்டிருப்பார்கள்? பள்ளி வளாகத்தில் கத்தி வைத்திருந்ததாக வழக்கு என் பிள்ளைமேல்தான் வந்திருக்கும்.

மதுரைக்காரன்:
ஊர் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் 2016 ஆயுத விதிகள் பெரும்பாலும் அளவைத்தான் பார்க்கின்றன: 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம். வீட்டு வேலை, விவசாயக் கத்திகளுக்கு விலக்கு உண்டு. லிப்ஸ்டிக் கத்தி அந்த அளவுக்குள் சிக்காது. எனக்கு பிரிட்டன் வழிதான் சரியாகப் படுகிறது. அரிவாளைக் கண்டால் ஒதுங்கலாம், லிப்ஸ்டிக்கைக் கண்டு யார் ஒதுங்குவார்?

நல்லூரான்:
நடுவில ஒரு கேள்வி. அம்மப்பாவின் கைத்தடி ஒன்று எங்களிடம் இருக்கிறது, பிடியைத் திருகி இழுத்தால் உள்ளே வாள். அதையும் கொடுக்கத்தான் வேணுமா?

வேம்படி:
வாள் மறைத்த கைத்தடியும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் செய்து 100 ஆண்டு தாண்டியிருந்தால் பழம்பொருள் விலக்கு உண்டு. வயதைக் காட்ட ரசீது, பழைய புகைப்படம் ஏதாவது எடுத்து வையுங்கள். விலக்கு வீட்டில் வைத்திருக்கத்தான். தெருவில் ஊன்றிக்கொண்டு போனால், அதே 1988 சட்டத்தின் 139ஆம் பிரிவின்படி தக்க காரணத்தை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பொது இடத்தில் கத்தி வைத்திருந்தால் நான்கு ஆண்டு வரை சிறை.

லெஸ்டர்_குமரன்:
மலர் அக்கா, பென்சில் பாக்ஸ் விஷயத்தைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. என் வீட்டிலும் பத்து வயதுப் பையன் இருக்கிறான், சாவிக்கொத்தை எடுத்து விளையாடுவான். சாமானைக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அவகாசம் போதவில்லை என்ற என் வாதம் அப்படியேதான் நிற்கிறது. விற்றவன் இன்னும் விற்கிறான், வாங்கியவன்தான் மாட்டுகிறான். நாளைக்கே ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா?

மலர்விழி:
பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், வழியில் சோதித்தால் வம்பு. முதலில் அவசரமில்லாத விஷயங்களுக்கான போலீஸ் எண் 101க்கு போன் செய்து, எங்கே, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். அதுவரை கெட்டி அட்டையில் சுற்றி டேப் ஒட்டி, பையனுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.