பழைய மேக் ஃபான்ட் எல்லாம் ஜீரோ பைட் ஆயிடுச்சு, ஒரே ஃபைலா மாத்த வழி இருக்கா?

பழைய மேக்ல இருந்த ஃபான்ட்ட எல்லாம் லினக்ஸ் சர்வருக்கு ஏத்தினேன், போய் பாத்தா அத்தனையும் ஜீரோ பைட், மனசே விட்டுப்போச்சு. கமாண்ட் லைன்ல ஏதாவது இருக்கா?

பதில் 1:
பயப்படாதீங்க, பழைய மேக் ஃபைல்ல டேட்டா ஃபோர்க், ரிசோர்ஸ் ஃபோர்க்னு ரெண்டு பாகம் உண்டு. ஃபான்ட் சூட்கேஸ்ல (பழைய மேக் ஃபான்ட் ஃபைல்) டேட்டா ஃபோர்க் காலியாதான் இருக்கும், சரக்கு முழுக்க ரிசோர்ஸ் ஃபோர்க்லதான், லினக்ஸுக்கு அது போகாததாலதான் ஜீரோ பைட். மேக் டெர்மினல்ல "மேக்பைனரி என்கோட்" போட்டு ஃபைல் பேர குடுங்க, 128 பைட் ஹெட்டர் (ஃபைலோட விவரம் இருக்கிற முன்பகுதி), அதுக்கப்புறம் டேட்டா, கடைசில ரிசோர்ஸ்னு வரிசையா கோர்த்து ஒரே ஃபைலா குடுத்துடும், அத ஏத்துங்க.

பதில் 2:
ஒண்ண டிகோட் பண்ணி (திரும்ப பழைய ஃபைலா பிரிச்சு) சரியா வருதான்னு பாக்காம ஒரிஜினல அழிச்சிடாதீங்க ப்ளீஸ். புள்ளி அண்டர்ஸ்கோர்ல ஆரம்பிக்கிற ஃபைல் இருந்தா அதுக்குள்ளயும் ரிசோர்ஸ் ஃபோர்க் இருக்கலாம், குப்பைன்னு நெனச்சி தூக்கிடாதீங்க.

கேட்டவர்:
வந்துடுச்சு! ரொம்ப நன்றிங்க.