ஜாவா: சர்வர்ல மட்டும் 'இல்லீகல் கீ சைஸ்' (அவசரம்)

முத்துக்குளிப்பவன்: நண்பர்களே, ஏஇஎஸ் 256ல (256 பிட் ரகசியக் கீ வச்சு டேட்டாவைப் பூட்டற முறை) என்கிரிப்ட் பண்ற கோடு என் லேப்டாப்ல ஓடுது. கஸ்டமர் சர்வர்ல போட்டா 'இல்லீகல் கீ சைஸ்'னு (கீ நீளத்துக்கு அனுமதி இல்லைன்னு) எரர் விழுது. அதே கோடுதான். நாளைக்குக் காலைல லைவ். உதவுங்க.

செவ்வந்தி: ஜாவா எந்த வெர்ஷன்?

கரிசல்காடு: கீயை பேஸ்64ல (பைட்டுகளை எழுத்தா எழுதற முறை) இருந்து டீகோட் பண்ணாமயே கொடுத்திருப்பீங்க. 32 பைட்டுக்குப் பதிலா 44 போயிருக்கும். எனக்கு இதுலயே ரெண்டு நாள் போச்சு.

செவ்வந்தி: அதுக்கு 'இன்வேலிட் ஏஇஎஸ் கீ லெங்த்'னு வரும், கரிசல். இது வேற.

முத்துக்குளிப்பவன்: ரெண்டுலயும் ஜாவா 8 தாங்க.

பழைய_கம்பைலர்: 8ல எந்த அப்டேட்? அதைச் சொல்லாம என்னத்தைப் பாக்கறது? கேக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் தேடிப் பழகுங்க தம்பி. அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்துக்காக ஆரக்கிள் ஜாவாவுல ஏஇஎஸ்ஸை 128 பிட்டோட பூட்டி வச்சிருந்தாங்க. 8 அப்டேட் 161ல இருந்துதான் தானாவே திறந்து வருது.

கரிசல்காடு: அப்போ ஜாவா.செக்யூரிட்டி ஃபைல்ல 'கிரிப்டோ.பாலிசி=அன்லிமிடெட்'னு ஒரு வரி சேருங்க, முடிஞ்சுது.

தேன்கூடு: கம்பைலர் அண்ணே, ஒரு திருத்தம். அந்தப் பூட்டுக்குச் சில நாடுகளோட இறக்குமதிக் கட்டுப்பாட்டைத்தான் ஆரக்கிள் காரணமா எழுதியிருக்கு. வரம்பை எழுதி வச்சிருக்கற பாலிசி ஜார் (ஜாவா தொகுப்பு ஃபைல்) ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க: யுஎஸ் எக்ஸ்போர்ட் பாலிசில எல்லாத்துக்கும் அனுமதி இருக்கும், 128ங்கற வரம்பு லோக்கல் பாலிசிலதான் உக்காந்திருக்கும்.

பழைய_கம்பைலர்: வேர் அமெரிக்கச் சட்டம்தானே? 90கள்ல 40 பிட்டுக்கு மேல வெளிநாட்டுக்கு விடமாட்டேன்னாங்க. 2000 ஜனவரிலதான் பெருசா தளர்த்தினாங்க.

தேன்கூடு: அதை மறுக்கலையே. அப்போ ஏற்றுமதிக்குன்னு வச்ச 512 பிட் ஆர்எஸ்ஏ (இன்னொரு வகை என்கிரிப்ஷன்) கீ, 2015ல ஃப்ரீக்ங்கற பாதுகாப்பு ஓட்டையா வந்து நின்னுச்சு. பலவீனமா ஒண்ணை விட்டுவச்சா அது எல்லாருக்கும்தான் ஆபத்து.

கரிசல்காடு: இவ்வளவு எதுக்கு? 128க்கு மாத்திடுங்க, அதையே இன்னும் யாரும் உடைக்கலை.

செவ்வந்தி: எதிர்முனை 256 கேட்டா எப்படி மாத்துவாரு? முத்து, சர்வர்லயே சைஃபர் கிளாஸோட 'கெட்மேக்ஸ்அலவ்டுகீலெங்த்'தைக் கூப்பிட்டு ஏஇஎஸ்னு கொடுங்க. 128 வந்தா பூட்டு இருக்கு, 2147483647 வந்தா இல்லை. கரிசல் சொன்ன வரி அப்டேட் 151க்கு முன்னாடி வேலை செய்யாது. அந்தப் பழைய அப்டேட்டுக்கு அன்லிமிடெட் பாலிசி ஜார் ரெண்டையும் ஜேஆர்இக்குள்ள (ஜாவாவை ஓட்டற ஃபோல்டர்) லிப்/செக்யூரிட்டில மாத்தணும். டாம்கேட் (வெப் ஆப்பை ஓட்டற சர்வர் மென்பொருள்) எந்த ஜாவாவுல ஓடுதுன்னும் பாருங்க.

முத்துக்குளிப்பவன்: 128ன்னுதான் வந்துச்சு. சர்வர்ல ரெண்டு ஜாவா, டாம்கேட் பழைய அப்டேட் 111ஐ எடுத்திருக்கு. புதுசுக்குத் திருப்பினேன், ஓடுது. நன்றி செவ்வந்தி அக்கா.